கோர்வேர் வாங்குவதானால் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்

செவ்ரோலே கோர்வேர் நல்ல காரா என்று யாராவது கேட்டால், எந்த ஆண்டுக் கோர்வேர் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். 1960 மாடலையும் 1964 மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பழக்கமில்லாதவர்களுக்கு வித்தியாசம் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும். ஓட்டிப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு வண்டிகள். 1965-இல் வந்ததோ, பெயரையும் இன்ஜினையும் வைத்துக்கொண்டு ஏறக்குறைய மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொண்ட கார். பத்து மாடல் ஆண்டுகள் இந்தக் காரைத் தயாரித்தார்கள். பெரும்பாலான ஆண்டுகளில் எதையாவது கழற்றித் திருத்தினார்கள். அந்தத் திருத்தங்களை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி உண்மையிலேயே சாலையில் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இது உதவும்.

நான் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டிக்கு அருகில் வசிக்கிறேன். பிரேக் பாகங்களைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை. கோர்வேரின் தாய்வீடான வில்லோ ரன் ஆலை இங்கேதான் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஃபோர்டு நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானங்களைத் தயாரித்த அதே வில்லோ ரன். என்னிடம் இருப்பது 1964 மான்ஸா கூபே; மான்ஸா என்பது கோர்வேரில் ஒரு ரகம், கூபே என்றால் இரண்டு கதவு. 110 குதிரைத்திறன், நான்கு கியர். கோர்வேர் சங்கத்து நண்பர்களிடம் 1960, 1962, 1966, 1967 மாடல்கள் இருக்கின்றன; அவற்றையும் ஓட்டியிருக்கிறேன். கீழே சொல்லும் அபிப்பிராயங்கள் அந்தக் கார்களிலிருந்து வந்தவை.

ஐம்பதுகளின் கடைசியில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் அமெரிக்காவில் விற்ற விற்பனை டெட்ராய்ட்டை உலுக்கிவிட்டது. ஃபோர்டு ஃபால்கனையும் கிரைஸ்லர் வேலியன்டையும் கொண்டுவந்தார்கள். இரண்டுமே முன்னால் இன்ஜின், தண்ணீர் ரேடியேட்டர் என்று பழகிய பாதையில் போன கார்கள். செவ்ரோலேயின் தலைவராக இருந்த எட் கோல் துணிந்து வேறு பாதையில் போனார். பின்புறத்தில் இன்ஜின், அதுவும் அலுமினியத்தில் வார்த்த, படுத்தவாக்கில் இருக்கும் ஆறு சிலிண்டர், தண்ணீரே இல்லாமல் காற்றால் குளிர்வது. 1959 அக்டோபர் 2 அன்று விற்பனைக்கு வந்தது. பெருநிறுவனம் ஒன்று இவ்வளவு புதுமையை ஒரே காரில் வைத்து மக்களிடம் கொடுத்த துணிச்சலை இன்றும் மதிக்கிறேன். என் காரின் பின்கதவைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மதிப்பு கூடத்தான் செய்கிறது.

ஆனால் 1960 மாடலை வாங்காதீர்கள். சேகரித்து வைப்பதற்கு வேண்டுமானால் வாங்கலாம்.

காரணம் பின் சஸ்பென்ஷன். எடையில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் பின் சக்கரங்கள் மீது உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சக்கரங்களுக்குப் போகும் அச்சுத்தண்டு ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு யுனிவர்சல் ஜாயின்ட்தான் (சுழலும் தண்டு மடங்க இடம்கொடுக்கும் இணைப்பு), அதுவும் நடுவில், கியர்ப்பெட்டிப் பக்கம். சக்கரத்தின் பக்கம் ஜாயின்ட் கிடையாது. ஆகவே சக்கரம் மேலும் கீழும் போகும்போது தண்டோடு சேர்ந்தே சாய்கிறது. வளைவில் வேகமாகப் போய், நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்பக்கம் மேலே எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடியப் பார்க்கும். டயரின் பிடி குறைந்துவிடும். பின்பக்கம் சுழன்று முன்னே வரத் துடிக்கும். வேலை காரணமாகக் கார்கள் சறுக்குவதைத் தினமும் பார்க்கிறவன் நான். முன் சக்கரம் சறுக்கினால் சாதாரண ஓட்டுநர் சமாளித்துவிடுவார். பின் சக்கரம் சறுக்கும்போது அவருக்குக் கைகால் ஓடாது.

நிறுவனத்துக்கு இது தெரியாமல் இல்லை. முன் டயரில் 15 பவுண்டு காற்று, பின் டயரில் 26 பவுண்டு என்று கையேட்டில் அச்சடித்தார்கள். முன் டயரை மெத்தென்று வைத்தால் முன்பக்கம் முதலில் வழுக்கும், பின்பக்கம் அடங்கியிருக்கும் என்பது கணக்கு. கணக்கு சரிதான். என் நண்பர் தமது 1960 செடானில் காற்றை அந்த அளவுக்கு வைத்துக் கொடுத்தபோது கார் சாதுவாகத்தான் போயிற்று. ஆனால் நான்கு டயருக்கும் ஒரே அளவு காற்றடிப்பது உலகம் முழுவதும் உள்ள பழக்கம். பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்கிறவர் கையேட்டைத் திறந்து பார்க்கப் போவதில்லை. ஒரு குடும்பத்தின் பாதுகாப்பை டயர்க் காற்றின் மீது ஏற்றி வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. முன் சக்கரங்களுக்கு இடையே குறுக்காக ஒரு இரும்புக் கம்பி, வளைவில் கார் சாய்வதைக் குறைப்பது, போட்டிருந்தால் பெருமளவு தீர்ந்திருக்கும். சில டாலர் செலவு. முதல் நான்கு ஆண்டுகள் அதை எல்லாக் கார்களிலும் போடவில்லை.

1961-இல் செய்த திருத்தங்கள் நல்ல திருத்தங்கள், ஆனால் இந்த நோயைத் தொடாதவை. சிலிண்டரின் குறுக்களவைக் கூட்டி இன்ஜினை 140 கன அங்குலத்திலிருந்து 145 ஆக்கினார்கள். நான்கு கியர்ப் பெட்டி கூடுதல் விலைக்குக் கிடைத்தது. முன்பக்க டிக்கியில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஸ்டெப்னியை இன்ஜின் அறைக்கு மாற்றினார்கள். 1960-இல் பெட்ரோலை எரித்துச் சூடு தரும் தனி ஹீட்டர் இருந்தது. மிச்சிகன் குளிரில் அது நன்றாகவே வேலை செய்தாலும் பெட்ரோல் குடிக்கும். 1961-இல் சிலிண்டர்களைக் குளிர்வித்துவிட்டு வரும் சூடான காற்றையே குழாய் வழியாகக் காருக்குள் அனுப்பினார்கள். இன்ஜின் எண்ணெய் கசியாதவரை இது அருமையான ஏற்பாடு. கசிந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். லேக்வுட் என்ற ஸ்டேஷன் வேகன், கிரீன்பிரையர் வேன், பக்கவாட்டுக் கதவைச் சரிவாகத் திறந்து பொருளை உருட்டி ஏற்றக்கூடிய ரேம்ப்சைட் பிக்கப் என்று ஒரு குடும்பமே அந்த ஆண்டு பிறந்தது. ரேம்ப்சைட் எங்கேயாவது விற்பனைக்கு வந்தால் நான் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன்.

1962-இன் வசந்தத்தில் மான்ஸா ஸ்பைடர் வந்தது. அதே 145 கன அங்குல இன்ஜினில், வெளியேறும் புகையின் விசையால் காற்றை உள்ளே அழுத்தித் தள்ளும் டர்போ பொருத்தி 150 குதிரைத்திறன் எடுத்தார்கள். அமெரிக்காவில் கடையில் வாங்கக்கூடிய காரில் டர்போ வந்தது அப்போதுதான். அதே பருவத்தில் ஓல்ட்ஸ்மொபிலும் ஒன்றைக் கொண்டுவந்தது. இன்றைய டர்போ கார்களில் அழுத்தம் மிகாமல் திறந்துவிடும் வால்வு இருக்கும். ஸ்பைடரில் அது இல்லை; புகைக்குழாயின் இறுக்கமே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும்படி அமைத்திருந்தார்கள். நண்பரின் ஸ்பைடரில் முதல் சில நொடிகளுக்கு எதுவுமே நடக்காது. இன்ஜின் வேகம் ஏறிய பிறகு முதுகு சீட்டில் பதியும். டாஷ்போர்டில் சிலிண்டர் தலையின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. காற்றால் குளிரும் டர்போ இன்ஜினை வைத்திருப்பவர் கண்ணை அதன் மேலேயே வைத்திருக்க வேண்டும். அழகான கார். பராமரிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் சிபாரிசு செய்வேன்.

அதே 1962-இல் முக்கியமான வேறொன்றும் கிடைத்தது. முன்பக்கக் குறுக்குக் கம்பி, இறுக்கமான ஸ்பிரிங்குகள், பின் அச்சு அளவுக்கு மீறித் தொங்காமல் பிடிக்கும் பட்டைகள், எல்லாம் சேர்ந்து கூடுதல் விலைக்கு. கேட்டு வாங்கத் தெரிந்தவர் வாங்கினார். குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போக வாங்கியவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது.

1963-ஐ எல்லோரும் ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். நான் பிரேக்காரன், என்னால் முடியாது. அந்த ஆண்டு தானாகச் சரிசெய்துகொள்ளும் பிரேக் வந்தது. அதற்கு முந்தைய காரில் பிரேக் லைனிங் தேயத் தேய மிதி கீழே இறங்கும். காருக்கு அடியில் படுத்து, டிரம்மின் துளை வழியாக ஸ்குரூடிரைவரை நுழைத்து, பல்சக்கரத்தைச் சொடுக்குச் சொடுக்காகத் திருப்ப வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு வராவிட்டால் பிரேக் போடும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். 1963 முதல், ரிவர்ஸில் வரும்போது பிரேக்கை மிதித்தாலே உள்ளே இருக்கும் நெம்புகோல் அந்தப் பல்சக்கரத்தைத் தள்ளிவிடும். சின்ன வேலை. வண்டியைக் கவனிக்க நேரமில்லாத ஆயிரக்கணக்கான வீடுகளில் பிரேக்கை ஒழுங்காக வைத்தது அதுதான்.

இனி 1964. முன்பக்கக் குறுக்குக் கம்பி கடைசியில் எல்லாக் கார்களுக்கும் வந்தது. பின்னால், கியர்ப்பெட்டிக்கு அடியில் குறுக்காக ஒரு கமான் பட்டையைப் போட்டார்கள். லாரிக்கு அடியில் பார்க்கிற பட்டைதான், ஆனால் ஒற்றைப் பட்டை. நடுவில் பிடிக்கப்பட்டு இரு முனைகளும் இரு சக்கரப் பக்கமும் இருக்கும். எடையில் ஒரு பங்கை இது தாங்கிக்கொள்வதால் சுருள் ஸ்பிரிங்குகளை மெதுவாக்க முடிந்தது. கார் ஒரு பக்கம் சாயும்போது பட்டை குறுக்கே நிற்காது. இரண்டு சக்கரமும் சேர்ந்து காருக்கடியில் மடியப் பார்க்கும்போதுதான் எதிர்த்துப் பிடிக்கும். நோய் எங்கே இருந்ததோ அங்கேயே மருந்து. இன்ஜினையும் பெரிதாக்கினார்கள். இந்த முறை குறுக்களவு அல்ல, பிஸ்டன் ஓடும் தூரம் 2.6 அங்குலத்திலிருந்து 2.94 ஆயிற்று, மொத்தம் 164 கன அங்குலம், 2.7 லிட்டர். சாதாரண இன்ஜின் 80-இலிருந்து 95 குதிரைத்திறனுக்கும், கூடுதல் விலை இன்ஜின் 110-க்கும் போயின. பின் பிரேக் டிரம்களுக்குச் சூடு தணியத் தகடுகள் வைத்து வார்த்தார்கள்.

ஐ-94 நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் பக்கம் இறங்கும் வளைவு போகப் போக இறுகும். அங்கே 1960 செடானை ஓட்டும்போது ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். முழுதாகத் திருப்ப ஏறக்குறைய ஐந்து சுற்று. வளைவின் நடுவில் பின்பக்கம் உயர்வது இடுப்பில் தெரியும். வேகத்தைக் குறைக்கலாமென்று காலை எடுக்கும் அந்தக் கணத்தில் மூக்கு உள்ளே திரும்புகிறது, நீங்கள் கேட்காமலேயே. என் 1964-இல் அதே வளைவில், அதே வேகத்தில் காலை எடுத்தேன். கார் கொஞ்சம் தாழ்ந்தது, கோட்டை இறுக்கிக்கொண்டது, அவ்வளவுதான். கையில் எந்தப் பதற்றமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த 1960-இன் சொந்தக்காரர் எதுவும் பேசாமல், அடுத்த முறை தாமே ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

இந்தத் திருத்தத்துக்கு 1961 கடைசியில் செவ்ரோலேயின் தலைமைக்கு வந்த பங்கி நூட்சன் பிடிவாதமாக நின்றார் என்று, பிற்காலத்தில் செவ்ரோலேயின் தலைவரான ஜான் டிலோரியன் சொல்லியிருக்கிறார். யாருடைய பிடிவாதமாக இருந்தாலும் அவருக்கு என் நன்றி.

அலுவலகத்தில் இளைஞர் ஒருவர் கேட்டார்: “அண்ணா, இந்தக் காரைத் திட்டி ஒரு புத்தகமே வந்ததாமே? இதிலா அண்ணியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்?”

“அந்தப் புத்தகத்தில் முதல் அத்தியாயம் 1960 முதல் 1963 வரை வந்த கார்களைப் பற்றியது தம்பி. வெளிவந்தது 1965 நவம்பரில். அதற்குள் இந்தப் பட்டை வந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது” என்றேன்.

அந்தப் புத்தகத்தை எழுதிய ரால்ஃப் நாடர் எழுப்பிய கேள்விகள் நியாயமானவை என்றே நினைக்கிறேன். கார் நிறுவனங்கள் பாதுகாப்பைக் கூடுதல் விலைப் பொருளாக வைத்திருந்த காலம் அது. அவரை வேவு பார்க்க ஆள் வைத்ததற்காக செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் 1966-இல் செனட் குழுவின் முன் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் கோர்வேர் மற்ற எல்லாக் கார்களையும்விட ஆபத்தானதா என்பது தனிக் கேள்வி. அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 1963 கோர்வேரை அக்காலத்து ஃபால்கன், வேலியன்ட், பீட்டில், ரெனோ டோஃபின் போன்ற கார்களோடு சேர்த்துச் சோதித்து 1972-இல் அறிக்கை வெளியிட்டது. கட்டுப்பாடு இழப்பதிலும் கவிழ்வதிலும் கோர்வேர் தன் காலத்துக் கார்களைவிட மோசமானதல்ல என்பது அதன் முடிவு. அப்போது தயாரிப்பு நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

நாடர் சுட்டிய இன்னொன்றை 1964-ம் தீர்க்கவில்லை. ஸ்டியரிங் பெட்டி முன் அச்சுக்கும் முன்னால் இருக்கிறது. அங்கிருந்து ஓட்டுநரின் மார்பு வரை வளையாத தண்டு. நேருக்கு நேர் மோதினால் அது பின்னால் தள்ளப்படும். நான் இடுப்பு பெல்ட்டுக்குப் பதிலாகத் தோள்பட்டை பெல்ட் பொருத்தியிருக்கிறேன். ஆனாலும் நெடுஞ்சாலையில் வலப்பாதையை விட்டு நகர்வதில்லை.

அன்றாடம் இந்தக் காரோடு வாழ்வது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் ஃபேன் பெல்ட். இன்ஜின் பின்புறத்தில் கிராங்க் கப்பி செங்குத்தாகச் சுழல்கிறது. குளிர்விக்கும் ஃபேனோ இன்ஜினின் தலைமேல் படுக்கைவாக்கில் சுழல்கிறது. ஒரே பெல்ட் கீழிருந்து மேலே வந்து, இரு கப்பிகள் மேல் முறுக்கித் திரும்பி, ஃபேனைச் சுற்றி, மறுபடி முறுக்கிக் கீழே போகிறது. இதை மற்ற கார்களின் பெல்ட்டைப் போல விறைப்பாக இழுத்துக் கட்டினால் பேரிங் போகும், பெல்ட்டும் சீக்கிரம் அறும். விரலால் அழுத்தினால் தாராளமாக இறங்கும் அளவுக்குத் தளர்வாக வைக்க வேண்டும். என் காரை எனக்கு விற்றவர் அதை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டியிருந்தார். வீட்டுக்கு வரும் வழியிலேயே அறுந்தது. டாஷ்போர்டில் டைனமோவுக்கும் ஃபேனுக்கும் சேர்த்து ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். அடுத்த ஊர் வரை போகலாம் என்று நினைத்தால் அலுமினியத் தலை வளைந்துவிடும். டிக்கியில் ஒரு பெல்ட்டும் ஸ்பேனரும் எப்போதும் இருக்கட்டும்.

அடுத்தது எண்ணெய்க் கசிவு. பன்னிரண்டு வால்வுகளுக்குத் தள்ளுகோல்கள் போகும் பன்னிரண்டு குழாய்கள் இன்ஜினுக்கு அடியில் வெளியே தெரியும். ஒவ்வொரு குழாயின் இரு முனையிலும் ஒரு ரப்பர் ஓ-ரிங். மொத்தம் இருபத்து நான்கு. அந்தக் காலத்து ரப்பர் இன்ஜின் சூட்டில் வெந்து நெகிழ்வை இழந்துவிடும். என் காரில் பழைய ரிங் ஒன்றைக் கழற்றி விரல்களுக்கிடையே அழுத்தியபோது வளையாமல் இரண்டாக ஒடிந்தது. அதன் வழியே சொட்டும் எண்ணெய் சூடான பாகங்களில் பட்டுப் புகைந்து, 1961 முதல் வந்த அந்த ஹீட்டர் வழியாக நேரே காருக்குள் வரும். பழைய கோர்வேரில் ஏறியதும் மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இதைத்தான் முகர்கிறார்கள். வைட்டான் என்ற வெப்பம் தாங்கும் பொருளில் இப்போது ஓ-ரிங் கிடைக்கிறது. இருபத்து நான்கையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள், ஒன்றிரண்டு மட்டும் மாற்றுவது வீண். மாற்றிய பிறகு என் கராஜ் தரை உலர்ந்திருக்கிறது.

உதிரிப் பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஷெல்பர்ன் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் இருக்கும் கிளார்க்ஸ் கோர்வேர் பார்ட்ஸ், இந்த ஒரு காருக்காகவே நடக்கும் கடை. ஓ-ரிங் முதல் சீட் துணி வரை அவர்களிடம் கிடைக்கிறது. அவர்களுடைய பட்டியல் புத்தகத்தில் பாகங்களின் படங்களைப் பார்த்தே பாதி ரிப்பேரைக் கற்றுக்கொண்டேன். அறுபது ஆண்டு பழைய காருக்கு இப்படி ஒரு கடை இருப்பது அதை வாங்குவதற்கே ஒரு காரணம்.

1965-இல் உடம்பு முழுவதும் புதிது. நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் தலைமையில் வடிவமைத்த அந்தக் கூபேயை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கதவுகளுக்கு நடுவே தூண் இல்லை, கண்ணாடிகளை இறக்கினால் பக்கம் முழுவதும் திறந்துவிடும். அடியில் நடந்ததுதான் பெரிது. பின் அச்சுத்தண்டுகளின் இரு முனையிலும் யுனிவர்சல் ஜாயின்ட், தனித்தனிக் கரங்கள், 1963 கார்வெட் ஸ்டிங் ரேயின் அமைப்பைப் போல. சக்கரம் மடியும் பேச்சே முடிந்துபோனது. பிரேக் டிரம்கள் பெரிதாயின. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. கோர்ஸா என்ற உயர்ந்த மாடலில் நான்கு கார்புரேட்டர் வைத்த 140 குதிரைத்திறன் இன்ஜின், அல்லது 180 குதிரைத்திறன் டர்போ. நான்கு கார்புரேட்டர் இன்ஜினில் வால்வு இருக்கை வளையம் கழன்று விழும் பழக்கம் உண்டு. வாங்குமுன் சிலிண்டர் தலையைப் பிரித்து அதைச் சரிசெய்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

அந்த ஆண்டு 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல் விற்றது. அதே 1965-இன் ஏப்ரலில், சட்டம் கேட்கும் திருத்தங்களைத் தவிர இனி இந்தக் காரில் வேலை செய்ய வேண்டாம் என்று நிறுவனத்துக்குள் உத்தரவு போனது. ஃபோர்டு மஸ்டாங் முந்தின ஆண்டே வந்து சந்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் சொல்ல செவ்ரோலேயின் கமாரோ தயாராகிக்கொண்டிருந்தது. நாடரின் புத்தகம் அச்சேறும் முன்பே கோர்வேரின் விதி எழுதப்பட்டுவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. நோய் தீர்ந்த ஆண்டிலேயே கைவிட்டார்கள். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

1966-இல் புதிய கியர்ப்பெட்டி வந்தது, பற்கள் உரசாமல் கியர் விழ உதவும் சின்க்ரோமெஷ் முதல் கியருக்கும் உண்டு. அதற்கு முந்தைய மூன்று கியர் பெட்டியில் கார் நகர்ந்துகொண்டிருக்கும்போது முதல் கியருக்குப் போனால் கறகறவென்று பல் கடிக்கும். 1967-இல் மோதலில் மடங்கிக்கொடுக்கும் ஸ்டியரிங் தண்டு வந்தது. மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரும், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பாதையோடு வந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன்: அதற்கு முந்தைய எல்லாக் கோர்வேரிலும் பிரேக் ஆயில் ஒரே பாதையில் ஓடுகிறது, ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. என் 1964-இல் முதலில் செய்த வேலை, 1967-இன் மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தி, பின் சக்கரங்களுக்குத் தனிக் குழாய் இழுத்ததுதான். பழைய மாடல் வாங்குகிற யாராக இருந்தாலும் பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

1968-இல் புகைக் கட்டுப்பாட்டுக்காகக் காற்றுப் பம்பைச் சேர்த்தார்கள். ஏசியும் நான்கு கதவு மாடலும் போயின. 1969-இல் மொத்தமே 6,000 கார்கள். மே 14 அன்று வில்லோ ரன்னில் கடைசி கார் வெளியே வந்தது.

ஆகவே அந்த இளைஞருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். மனசுக்குப் பிடித்த பழைய முகம் வேண்டுமென்றால் 1964. அதில் 110 குதிரைத்திறன், நான்கு கியர். மாஸ்டர் சிலிண்டரை மாற்றிக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு அடிக்கடி ஓட்டப் போகிறீர்கள் என்றால் 1967 மான்ஸா. 1965-இன் சஸ்பென்ஷன், 1966-இன் கியர்ப்பெட்டி, 1967-இன் பிரேக்கும் ஸ்டியரிங்கும் சேர்ந்து இருப்பதும், பம்பின் தொல்லை இல்லாததும் அந்த ஓர் ஆண்டுதான். நான்கு கதவு கிடைக்கும் கடைசி ஆண்டும் அதுவே. 27 ஆயிரம் சொச்சம்தான் விற்றது என்பதால் தேட வேண்டியிருக்கும். பார்க்கப் போகும்போது முன், பின் கண்ணாடிகளின் அடி விளிம்பில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். புதிய உடம்புக் கார்களில் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும், வெல்டிங் செலவும் அங்கேதான் அதிகம். இன்ஜினில் எது போயிருந்தாலும் பாகம் கிடைக்கும். அந்த விளிம்பு போயிருந்தால் அடுத்த காரைப் பார்க்கப் போய்விடுங்கள்.